பதிவேட்டில் உள்ள நம் முன்னோர்



நம் பாட்டன் பாட்டிமார் காலையும் மாலையும் சொல்லி வந்த பழைய விசுவாசப் பிரமாணத்தில் ‘சமுதீதப் பிரயோசனம்’ என்றொரு சொல் உண்டு. வயது சென்றவர்கள் இன்றும் அதைத் தடுமாற்றமின்றிச் சொல்லுவார்கள். பொருள் என்ன என்று கேட்டால் மட்டும் புன்னகை செய்வார்கள். இக்காலத்தில் அதே இடத்தில் புனிதர்களின் சமூக உறவு என்று சொல்லுகிறோம். புதிய சொல் எளிது. ஆயினும் பழைய சொல்லில் ஓர் அழுத்தம் இருந்தது. சமுதீதம் என்பது எல்லாருக்கும் பொதுவாய்ச் சேர்ந்தது. பிரயோசனம் என்பது பயன். ஒருவன் செய்த செபதபத்தின் பயன் அவனோடு நின்றுவிடாமல், திருச்சபை என்னும் சரீரம் முழுவதற்கும் போய்ச் சேருகிறது என்பதே கருத்து. பூமியிலே போராடும் திருச்சபையும், உத்தரிக்கிற ஸ்தலத்திலே துன்புறும் திருச்சபையும், மோட்சத்திலே வெற்றி பெற்ற திருச்சபையும் மூன்று சபைகள் அல்ல, ஒன்றே.

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதமாகையால், இவ்வாரப் பாடத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நமக்கு முன்னே வாழ்ந்து இக்கோயிலில் முழந்தாளிட்டு, இம்மண்ணிலே அடக்கமானவர்களோடு நமக்குள்ள உறவு எத்தகையது? இரத்த உறவா, ஊர் உறவா, அல்லது வேறொன்றா?

ஆத்துமப் பூசைக்காக வீடுகளிலிருந்து வரும் சீட்டுகளைப் பாருங்கள். தகப்பன், தாய், பாட்டன், பாட்டி, எப்போதாவது ஒரு பூட்டன். அதற்கு மேலே பெயர் இல்லை. கணக்கிட்டால் ஒருவனுக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், அதற்கு மேலே எண்மர், அதற்கும் மேலே பதினாறு பேர். இப்படிப் பத்துத் தலைமுறை ஏறினால் 1,024 இடங்கள். உறவுக்குள்ளேயே கலியாணம் செய்யும் ஊர்களில் ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் வரக்கூடும். இருந்தாலும் கூட்டம் பெரிது. ‘எங்கள் வம்சம்’ என்று நாம் மார்தட்டும்போது, ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு முழு வேட்டியும் இதுதான் என்று சாதிக்கிறோம். மற்ற ஆயிரம் பேரும் எங்கே போனார்கள்?

அவர்களில் ஒரு பகுதியாவது பதிவேட்டில் இருக்கிறார்கள். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ம் ஆண்டிலே, விசாரணைக் குருக்கள் கலியாணங்களை எழுதி வைக்கவும், ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோரின் பெயரைக் குறிக்கவும் கட்டளையிட்டது. 1614-ல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஐந்து புத்தகங்களைக் கேட்டது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், மெய்விவாகம், மரணம், இவற்றோடு விசாரணையிலுள்ள ஆத்துமங்களின் இருப்புக் கணக்கு. இப்போது நடப்பிலிருக்கும் 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் பழைய பதிவேடுகளைச் சிரத்தையோடு காப்பாற்றச் சொல்லுகிறது. கரையானுக்கு இந்தச் சட்டம் தெரியாது என்பதே குருக்களின் கவலை.

பழைய மிஷன் காலத்துப் பதிவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘கீழே கையொப்பமிட்ட நான்’ என்று லத்தீனிலே தொடங்கும். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் குருவானவரின் கையெழுத்து. ஓரத்திலே இடம் விட்டிருப்பார்கள். பிற்காலத்தில் அப்பிள்ளைக்கு உறுதிபூசுதல் நடந்தாலும், கலியாணம் முடிந்தாலும், குருப்பட்டமோ கன்னியர் மடத்து வார்த்தைப்பாடோ பெற்றாலும், அது எந்த ஊரில் நடந்தாலும் சரி, செய்தி திரும்பி வந்து இந்த ஓரத்திலே ஏற வேண்டும். பெங்களூரிலே தாலி கட்டினவனுடைய விவரமும் இங்கே வந்து சேருகிறது. வேலை தேடிப் புறப்பட்டவன் வீட்டை மறந்தாலும் இந்த ஓரம் அவனை மறக்கிறதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்ற இரு குழந்தைகள் அடுத்தடுத்த வரிகளில் வருவார்கள். ஒன்று ஊர்த்தெருவினது, மற்றொன்று சேரியினது. சில பழைய புத்தகங்களில் பெயரோடு சாதியையும் எழுதியிருக்கிறார்கள். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் சட்டம் கேட்பது விசாரணைக்கு ஒரு ஞானஸ்நானப் பதிவேடு. குலத்துக்கு ஒன்று என்று அது சொல்லவில்லை.

பெயர்களே ஒரு சரித்திரம். சந்தியாகு என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான், ஞானப்பிரகாசம் என்றால் அலோசியுஸ், சூசை என்றால் வளனார். அந்நிய தேசத்து அர்ச்சியசிஷ்டவர்களுக்கு நம் முன்னோர் எவ்வளவு அழகாகத் தமிழ் உடுத்தினார்கள்! பெயரைக் கொண்டு காலத்தையும் ஒருவாறு ஊகிக்கலாம். சலேத்து என்ற பெயர் 1846-ம் ஆண்டு தேவமாதா பிரான்சு தேசத்துச் சலேத்து மலையில் காட்சி தந்த பிறகே வரக்கூடும். அதைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக் குருக்கள். அமலோற்பவம் என்ற பெயர் 1854-ல் ஒன்பதாம் பத்திநாதர் அமலோற்பவ சத்தியத்தைப் பிரகடனம் செய்தபின் பெருகிற்று. லூர்து 1858-க்குப் பின், பாத்திமா 1917-க்குப் பின். பாட்டி சலேத்து, மகள் லூர்து, பேத்தி பாத்திமா என்று ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் ஒரு நூற்றாண்டு பக்தி குடியிருக்கிறது. இன்று பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கைப்பேசியைப் பார்ப்பதற்கு முன்னே பாட்டியின் பெயரை ஒருமுறை பார்த்தால் குறைந்துபோகமாட்டார்கள்.

இந்தப் பதிவேடுகளின் தலைப்பும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் புதுச்சேரி மிஷன். 1836-ல் அப்போஸ்தலிக்க விகாரியத்து. 1886-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் ஆணையால் அதிமேற்றிராசனம். 1930-ல் சேலம் தனி மேற்றிராசனமாயிற்று. 1953 முதல் புதுவை–கடலூர் என்று பெயர். அரசாங்கத்துக் கணக்கும் அப்படியே. கள்ளக்குறிச்சியிலே 1990-ல் பிறந்தவன் தென்னார்க்காடு மாவட்டத்தான். 1993-க்குப் பின் விழுப்புரம். 2019 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நடுவிலே இருண்ட காலமும் உண்டு. பிரான்சு அரசன் 1764-ல் தன் நாட்டிலே சேசுசபையை ஒழித்தான். 1773-ல் பதினான்காம் கிளமெந்து பாப்பானவர் சபை முழுவதையும் கலைத்தார். அதன்பின் கர்நாடக மிஷனைப் பாரீசு வேதபோதக சபையார் ஏற்றுக்கொண்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியினால் அங்கிருந்து குருக்கள் வருவதும் அருகிப்போயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை பூசை கண்டால் பாக்கியம் என்று ஊர்கள் இருந்தன. அக்காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? உபதேசியார், கோயிற்பிள்ளை, சாகப்போகும் குழந்தையின் தலையிலே தண்ணீர் வார்த்த மருத்துவச்சி, இருட்டிலே செபமாலை சொன்ன தாய்மார். அவர்களுக்குச் சிலை இல்லை. பலருக்குக் கல்லறையில் கல்லும் இல்லை.

1792-ல் இத்தேசத்துக்கு வந்து முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த துபுவா என்ற பிரெஞ்சுக் குருவானவர், 1823-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய், இந்தியாவிலே கிறிஸ்து வேதம் பரவ இனி வழியில்லை என்ற கருத்தோடு கடிதங்களை நூலாக வெளியிட்டார். கற்றவர், இந்நாட்டு வழக்கங்களை நுட்பமாய் அறிந்தவர். ஆனால் நாம் இன்று இங்கே இருக்கிறோமே! கற்றவர் கண்ணுக்கு அந்த உபதேசியாரும் மருத்துவச்சியும் கணக்கில் படவில்லை போலும்.

இனி, பலர் பேசத் தயங்கும் ஒரு காரியத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியிலே கொடிய பஞ்சம். மழை பொய்த்தது, தானியம் விலை ஏறிற்று. கல்வராயன் மலைக்கு மேற்கே இருக்கும் சேலம் ஜில்லாவிலே 1871-ல் எடுத்த குடிமதிப்புக்கும் 1881-ல் எடுத்ததற்கும் இடையே ஜனத்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நிவாரண வேலைக்குப் போன ஆண் ஆளுக்கு, 1877-ல் அரசாங்கம் குறைத்து வைத்த கூலி, ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவும். லவுவெனான் ஆண்டகை அப்போது புதுச்சேரி மிஷனின் தலைவர். குருக்கள் கஞ்சி ஊற்றினார்கள், அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அக்காலத்திலும் அதையடுத்த ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் நிலமற்ற கூலி ஜனங்கள், வேதத்தில் சேர்ந்தார்கள்.

‘கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்’ என்று அவர்களைப் பிறமதத்தார் ஏசினார்கள். அது கிடக்கட்டும். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களும் ஏசினார்கள். அந்த வார்த்தை பேரப்பிள்ளைகள் காதிலும் விழுந்ததனால், தங்கள் குடும்பம் எப்போது வேதத்தில் சேர்ந்தது என்பதை மறைக்கிற வீடுகள் உண்டு. வெட்கத்தினாலே முன்னோரை மறந்துபோவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அது நம் ஆண்டவருடைய வம்ச வரலாறு. அதிலே தாமார் இருக்கிறாள், ராகாப் இருக்கிறாள், உரியாவின் மனைவி இருக்கிறாள், மோவாபியப் பெண்ணாகிய ரூத்து இருக்கிறாள். ரூத்தின் கதை எங்கே தொடங்குகிறது? பெத்லேகேமிலே உண்டான பஞ்சத்தில். பஞ்சம் பிழைக்கப் போன குடும்பத்துக்கு மருமகளாகி, விதவையாகி, மாமியாரோடு வந்து, பிறர் வயலில் கதிர் பொறுக்கி வயிறு கழுவினவள் அவள். அவளுடைய பெயரைச் சுவிசேஷகர் மறைக்கவில்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த ஆண்டவர், வயிற்றுக்காக என்னைத் தேடுகிறீர்கள் என்று மறுநாள் கடிந்துகொண்டது உண்மையே. ஆனால் முதலில் அப்பம் கொடுத்தார். கஞ்சிக்கு வந்தவர்கள் பஞ்சம் தீர்ந்தபின்பும் நின்றார்கள், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தார்கள், ஏச்சைப் பொறுத்தார்கள். விசுவாசம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மலைக்குப் போவோம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதை உங்களில் பலருக்குத் தெரியும். கோமுகியும் மணிமுத்தாவும் அங்கே பிறந்துதான் நம் வயலுக்கு வருகின்றன. மலையாளி என்று சொல்லப்படுகிற அம்மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று வாய்மொழியாய்ச் சொல்லி வருகிறார்கள். மூன்று ஜாகீர்தார்களுக்குக் கீழே அம்மலை இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் அதைத் தன் வசம் எடுத்தது. எழுத்தும் பதிவும் அவர்களிடம் போய்ச் சேர நெடுங்காலம் ஆயிற்று. ஆனாலும் எங்கிருந்து வந்தோம் என்று தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிக் காத்தார்கள். பதிவேடு வைத்துக்கொண்டே மறந்துபோன நமக்கு அது ஒரு பாடம்.

அப்படிப்பட்ட மலைக்கிராமத்திலிருந்து ஒருவன் முதல் தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்று நம் கோயிலுக்கு வந்தால், அவனுக்கு இங்கே முன்னோர் உண்டா? நம் பதிவேட்டில் அவன் பாட்டன் பெயர் இல்லை. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற அவனுக்கு ஒரு குழியும் இல்லை. இதற்குத்தான் திருச்சபை ஞானத்தகப்பனையும் ஞானத்தாயையும் வைத்தது. ஒட்டு மாங்கன்றைப் பார்த்திருக்கிறீர்கள். வெட்டி ஒட்டின கிளை, தான் பிறந்த மரம் வேறானாலும், ஒட்டின மரத்தின் வேரிலிருந்தே நீரை இழுக்கிறது. அர்ச். சின்னப்பர் ரோமாபுரியாருக்கு ஒலிவ மரத்தைக் காட்டிச் சொன்னதும் இதுவே. அபிரகாம் அவனுக்கும் தகப்பன். அந்த மருத்துவச்சியும் உபதேசியாரும் அவனுக்கும் பாட்டன் பாட்டி. நமக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு.

அவன் வேறொரு கேள்வியும் கேட்பான்: “சுவாமி, எங்க அப்பா ஞானஸ்நானம் வாங்காமலே செத்துப்போனாரு. அவருக்குப் பூசை வைக்கலாங்களா?” இது இன்று தோன்றின கேள்வியல்ல. அர்ச். சவேரியார் 1552-ல் கொச்சியிலிருந்து எழுதின கடிதத்தில், ஜப்பான் தேசத்துப் புதுக்கிறிஸ்தவர்கள் வேதம் அறியாமல் மரித்த தங்கள் முன்னோரை நினைத்து அழுததைச் சொல்லுகிறார்; அக்காலத்து வேதசாஸ்திரப்படி அவரால் ஆறுதல் சொல்ல முடியவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் தெளிவாய்ச் சொல்லிற்று: தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி நடந்தவர்களும் இரட்சணியம் அடையலாம். உயிரோடிருப்பவர் மரித்தவர் எவருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று இப்போதைய சட்டமும் சொல்லுகிறது. ஆகவே வைக்கலாம். பரம்பரைக் கிறிஸ்தவர்களே, நீங்களும் உங்கள் வம்சத்தில் ஏறிக்கொண்டே போனால், ஞானஸ்நானம் பெறாத ஒரு பாட்டன் எங்கோ நிற்கத்தான் செய்வான்.

முன்னோரை நினைக்கிறோம் என்றால் அவர்களுடைய புண்ணியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, குறையை விட்டுவிட முடியாது. மதுரை மிஷனிலே 1640 முதல், மேல்சாதியாருக்குச் சந்நியாசி சுவாமிகள், மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று இருவகைக் குருக்கள் இருந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அந்தப் பிரிவு கோயிலுக்குள்ளும் குடியேறிவிட்டது. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள்ளே இரு சாராரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், தாழ்த்தப்பட்டவர்கள் குருவானவரிடம் முறையிட, அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் எழுதி வைத்திருக்கிறார். முறையிட்டவர்களும் நம் முன்னோர். சுவர் வேண்டும் என்று நின்றவர்களும் நம் முன்னோர்.

இது பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. நம் பக்கத்து எறையூரிலே, தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டி எழுந்த கலகத்தில், 2008 மார்ச் 9-ந் தேதி காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். ஏன் தனிப் பங்கு கேட்டார்கள்? கோயிலிலும், பிரேதம் போகும் வழியிலும், கல்லறையிலும் வேற்றுமை இருந்ததனால். செத்த பிறகும் பக்கத்தில் படுக்கலாகாது என்றால், ‘சமுதீதப் பிரயோசனம்’ என்று நம் பாட்டன்மார் தினம் சொன்னது எதற்காக? 2003 நவம்பரிலே தமிழக மேற்றிராணிமாரிடம் பேசிய அர்ச். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர், கிறிஸ்தவர்களுக்குள்ளே சாதி வேற்றுமையின் சாயல்கூட உண்மையான ஒருமைப்பாட்டுக்கு விரோதம் என்று எச்சரித்தார். 2016-ல் இந்திய மேற்றிராணிமார் பேரவை இவ்வேற்றுமை நம்மிடம் இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கையே வெளியிட்டது. ஒப்புக்கொள்வது ஒன்று, கல்லறையின் நடுச்சுவரிலே கடப்பாரை வைப்பது வேறொன்று.

எபிரேயருக்கு எழுதின நிருபத்தின் பதினொன்றாம் அதிகார முடிவைப் படித்துப் பாருங்கள். ஆபேல் முதல் எண்ணற்ற முன்னோரைச் சொல்லிவிட்டு, நம்மையல்லாமல் அவர்கள் நிறைவடையாதபடி சர்வேசுரன் ஏற்பாடு செய்தார் என்று அப்போஸ்தலர் முடிக்கிறார். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் விட்டுப்போன நன்மையை நாம் தொடரவும், விட்டுப்போன குறையை நாம் தீர்க்கவும் காத்திருக்கிறார்கள்.

மரித்தோர் நாளாகிய நவம்பர் 2-ந் தேதி ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்பது, முதல் உலகப்போரில் மாண்டவர்களை நினைத்துப் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1915-ல் அளித்த சலுகை. ஒன்று கேட்பவருடைய கருத்துக்கு. ஒன்று பாப்பானவருடைய கருத்துக்கு. ஒன்று மரித்த விசுவாசிகள் எல்லாருக்காகவும். உங்கள் சீட்டுகள் முதலாவது பூசைக்குச் சேரும். எல்லாருக்குமான பூசைக்கு, ஞாயிறு பூசைக்குப்பின் அறைவீட்டில் என்னோடு உட்கார்ந்து, பழைய மரணப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதியெடுக்க நாலைந்து வாலிபர் வேண்டும்; லத்தீன் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, நான் படித்துச் சொல்லுகிறேன். வீட்டுச் சீட்டிலே உங்கள் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி விட்டு, வேறு தெருவிலே வாரிசற்றுப் போன யாராவது ஒருவருடைய பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கல்லறை சுத்தம் செய்ய முந்தின சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வருகிறவர்கள், சொந்தக் குழியில் தொடங்காமல், வாசலருகே முள் மண்டிக் கிடக்கும் பெயரில்லாத குழிகளிலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.